பரளச்சிக் குட்டையில் நின்ற வண்டி

பரளச்சியைத் தாண்டி மண்பாதையில் திரும்பியபோது உச்சிவெயில் கரிசலின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. ரோஷினி ஸ்கூட்டரை ஒரு வேலிக்கருவை ஓரம் நிறுத்திவிட்டு லேப்டாப் பையைத் தோளில் மாட்டினாள். மண் அள்ளும் வண்டிகளில் வரும் எலெக்ட்ரானிக் கோளாறுகளைப் பார்ப்பது அவள் வேலை. அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பும்போது, சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தாள்.

பாதி வெட்டிய பண்ணைக்குட்டைக்குள் மஞ்சள் பொக்லைன் கையை மடக்கிக்கொண்டு நின்றது. அதை ஓட்டும் மாரிக்கண்ணன், வண்டியின் நிழலை விட்டு எட்ட, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றார்.

"நிழல்ல உக்காந்திருக்கலாமேண்ணே."

"இருக்கட்டும் மேடம். இங்கனயே நிக்கிறேன்."

கோளாறு என்னவென்று கேட்டாள். அவர் வண்டியைப் பார்க்காமலே சொன்னார்.

"நல்லா ஓடிக்கிட்டே இருக்கும். திடீர்னு ஸ்கிரீன்ல சிவப்பு விழும். அப்புறம் நான் லிவரை எங்கிட்டு அசைச்சாலும் கேக்காது. மல்லாங்கிணத்துல மாசக்கணக்கா ஓட்டுனேன், ஒரு கொறையும் இல்ல. இங்க கொண்டாந்து எறக்குனதுல இருந்துதான்."

அவளுக்கு அது புதிதில்லை. இன்ஜினுக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று, லிவருக்கு ஒன்று என்று இந்த வண்டிகளுக்குள் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் உண்டு. முறுக்கிய இரண்டு வயர்கள் வழியாக அவை ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குக் கேட்காவிட்டால் வண்டி நின்றுவிடும்.

கேபினுக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். ஓரிடத்தில் வயரின் தோல் உரசித் தேய்ந்திருந்தது. அதைச் சரிசெய்து மீட்டரை வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. லேப்டாப்பை இணைத்தாள்.

சிவப்பு போகவில்லை.

வயரில் யாரோ குறுக்கே பேசுகிறார்கள். எந்தக் கம்ப்யூட்டர் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. இன்ஜினுடையதைக் கழற்றினாள். பம்புடையதைக் கழற்றினாள். கடைசியாக லிவர்களின் இணைப்பையும் உருவிவிட்டு, பேட்டரி சுவிட்சையும் அணைத்தாள்.

இனி அந்த வயரில் பேச யாருமில்லை.

காற்று நின்றுபோயிருந்தது. சூடேறிய இரும்பு எங்கோ முனகியது. அந்த வறட்டு வெயிலில், எங்கிருந்தென்று தெரியாமல், மழையில் நனைந்த கரிசலின் வாசம் வந்தது.

லேப்டாப் திரையைப் பார்த்தாள்.

லிவரைக் காட்டும் பட்டைகள் அசைந்துகொண்டிருந்தன.

உருவிப்போட்ட இணைப்பு அவள் மடியில்தான் கிடந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். திரையில் ஒரு பட்டை மெதுவாக இடப்பக்கம் போயிற்று. இன்னொன்று இறங்கியது. பக்கெட்டின் பட்டை மடங்கியது, உயர்ந்தது, விரிந்தது. கடைசியில் வெடுக் வெடுக்கென்று இரண்டு உதறல். மறுபடியும் முதலிலிருந்து, இடப்பக்கம்.

"அண்ணே, கொஞ்சம் வாங்க."

மாரிக்கண்ணன் தயங்கித் தயங்கி வந்து குனிந்தார்.

"மண்ணைக் கொட்டுறப்ப ரெண்டு உதறு உதறுறாரு பாருங்க," என்றார் கிசுகிசுப்பாக. "அது பால்சாமி அண்ணன் கை."

"யாரு அவுக?"

"எனக்கு முந்தி இந்த வண்டிய ஓட்டுனவரு. போன ஐப்பசியில இதே குட்டையில வேலை. சாயங்காலம் மழை இருட்டிக்கிட்டு வரவும் எல்லாரும் கெளம்பிட்டோம். தண்ணி எறைக்கிற பம்போட ஓஸ் பைப்பை எடுத்துட்டு பின்னாடியே வாரேன்னாரு. வரலை. கேரளாவுக்கு ஓடிட்டாருன்னு ஊருக்குள்ள பேசிக்கிட்டாக. செல்வலட்சுமி மதினி போலீசுல எழுதிக் குடுத்துட்டு இன்னும் பாத்துக்கிட்டிருக்கு. தாலியோட இருக்கறதா, கழட்டுறதான்னு தெரியாம."

திரையில் பட்டை இடப்பக்கம் போயிற்று. இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள்.

வண்டிக்கு இடப்பக்கம், மழையில் சரிந்த கரை, குட்டைக்குள் நாக்கு நீட்டியதுபோல் கிடந்தது.

ரோஷினி ஸ்கூட்டர் சாவியை ஒருமுறை பார்த்தாள். பிறகு கழற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாக மாட்டினாள். பேட்டரியைப் போட்டதும் திரை சுத்தமாக இருந்தது. சிவப்பில்லை. பட்டைகளும் அசையவில்லை.

"நான் ஏறுறேன்," என்றார் மாரிக்கண்ணன். "நீங்க மேல போயி நில்லுங்க."

அவர் வண்டியை இடப்பக்கம் திருப்பி, சரிந்த மண்ணைத் தோல் உரிப்பதுபோல் மெல்ல மெல்ல வழித்தார். வண்டி ஒரு சொல் தட்டாமல் கேட்டது. பக்கெட்டின் பல்லில் நீலநிறத் துணி ஒன்று சிக்கி வந்தது.

அது சட்டைக் கை.

இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தவர், அந்த மண் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். "இத்தன நாளா இங்கனயாண்ணே கெடந்தீக," என்று மட்டும் கேட்டார்.

திருச்சுழியிலிருந்து போலீஸ் வந்தது. செல்வலட்சுமி வந்தாள். அழவில்லை. துணியை மட்டும் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"ஓடிப்போனான்னு சொன்னாகளே," என்றாள். "இனிமே சொல்ல மாட்டாகள்ல."

கருமாதி முடிந்த பிறகு, வண்டியைப் பாளையம்பட்டிப் பக்கம் வேறு வேலைக்கு ஏற்றி அனுப்புவதாக ஏற்பாடு. கடைசியாக ஒருமுறை சோதித்துச் சொல்லும்படி ரோஷினியை அழைத்திருந்தார்கள். காலை வெயில் இதமாக இருந்தது. மாரிக்கண்ணன் கேபினைப் பூட்டிவிட்டு, ரோட்டில் நின்ற டிரெய்லர்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

பக்கவாட்டுக் கதவைத் திறந்து கேபிளை மாட்டினாள். இன்ஜின் பேசியது, பம்பு பேசியது. லிவர் பட்டைகள் செத்தவைபோல் அசையாமல் கிடந்தன. வெகுநாள் கழித்து அவள் நிம்மதியாக மூச்சுவிட்டாள். திரையை மூடப்போனவள், அடியில் இருந்த கடைசி இரண்டு வரிகளைப் பார்த்தாள்.

இருக்கையில் ஆள்: உண்டு.

சீட் பெல்ட்: மாட்டியுள்ளது.

ரோட்டுப் பக்கம் பார்த்தாள். மாரிக்கண்ணன் அங்கேதான் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

சங்கிலிப் பட்டை மேல் கால்வைத்து ஏறி, கேபின் கண்ணாடியின் தூசியை முழங்கையால் துடைத்தாள்.

உள்ளே யாருமில்லை.

காலி இருக்கையின் குறுக்கே பெல்ட் பூட்டியிருந்தது. தொய்வில்லை. ஒரு ஆளின் வயிறு அளவுக்கு இடம் விட்டு, அந்தரத்தில் விறைப்பாக வளைந்து நின்றது.

அது மெல்ல முன்னே வந்தது. மெல்ல உள்ளே போனது. மறுபடியும் முன்னே வந்தது.