பீவி ஜானின் வலது கண்

பழவேற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தான் கிஃபாயத்துல்லா. பொன்னேரியில் டாக்டர் தேசப்பனின் கண் ஆஸ்பத்திரி அப்போதுதான் திறந்திருந்தது.

"அம்மா மௌத்தாயிட்டாங்க டாக்டர். ஜுரம் தலைக்கேறிடுச்சு. நீங்க எடுத்தீங்களே, அந்தக் கண்ணைக் குடுங்க. சேத்துதான் அடக்கம் பண்ணணும். அம்மா உங்களாண்ட சொன்னாங்களாமே?"

சொல்லியிருந்தாள் பீவி ஜான். புரை எடுத்த கண்ணுக்குள் சீழ் கோத்து, பச்சையாகத் திரண்டபோது தேசப்பன் திகைத்துப்போனார். பென்சிலின் ஊசிக்கு அது அசையவில்லை. சீழைப் பட்டணத்துக்கு அனுப்பிச் சோதித்ததில் அபூர்வமான கிருமி என்று தெரிந்தது. கண்ணையே எடுக்க வேண்டும் என்றதும் பீவி ஜான் ஒன்றுதான் கேட்டாள்: "எடுத்ததைத் தூக்கிப் போட்டுடாதீங்க டாக்டர். மண்ணுக்குள்ள நான் முழுசா போவணும்."

அவர் தலையாட்டினார். பிறகு பெரிய டாக்டர்களிடம் காட்டிப் பேர் வாங்கும் ஆசையில் அதை மருந்துப் பாட்டிலில் போட்டு, மெழுகால் மூடி, பீரோவில் பூட்டி வைத்துவிட்டார்.

"அன்னிக்கே தோட்டத்துல புதைச்சாச்சுப்பா," என்றார் இப்போது.

கிஃபாயத்துல்லா அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். அவன் கண்ணீரின் ஈரம் விரலிலேயே இருந்தது. இவ்வளவு கேவலமானவனா நான் என்று தேசப்பனுக்கு மனசு உறுத்தியது.

அப்போது அந்த வாசனை வந்தது.

அழுகத் தொடங்கிய திராட்சையின் இனிப்பு. பீவி ஜானின் கண் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் வந்த அதே வாசனை.

நர்ஸ் ரோசம்மாள் மூக்கைச் சுளித்தாள். "இப்ப யாருக்குமே சீழ் இல்லியே டாக்டர்..."

பீரோவைத் திறந்தார். பாட்டிலுக்குள் கண் மிதந்தது. அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். காலில் விழுந்தாவது கொடுத்துவிட வேண்டும்.

பழவேற்காட்டு வீட்டின் முன் கூட்டம் நின்றது. உள்ளே பெண்கள் பீவி ஜானின் மையித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். கிஃபாயத்துல்லா வெளிறிப்போய் வெளியே வந்தான்.

"பொய் சொல்லிட்டேம்பா. மன்னிச்சுடு. இதோ அம்மா கண்ணு." வாசற்படியில் நின்றபடியே துண்டைப் பிரித்தார்.

மெழுகு உடையவில்லை. பாட்டிலில் மருந்து மட்டும் இருந்தது.

கிஃபாயத்துல்லாவின் குரல் இறங்கியது. "கட்டைப் பிரிச்சா ரெண்டு கண்ணும் இருக்குதாம் டாக்டர். இடது கண்ணு மூடிக்கிச்சாம்."

"வலது?"

"எத்தினி தடவை மூடினாலும் தொறந்துக்குதாம். வாசலையே பாத்துக்கினு இருக்குதாம்."

தேசப்பன் மெல்ல ஓர் அடி ஓரமாக நகர்ந்தார்.

உள்ளே ஒரு பெண் அலறினாள்.

"ஐயோ, கண்ணு திரும்புது!"