சிந்தைமானியின் பச்சை விளக்கு

மூன்றாம் முறையும் முத்தரசியின் நெற்றியில் சிவப்பு எரிந்தது.

நெற்றிப்பட்டையின் பெயர் சிந்தைமானி. ஆங்கிலக் கட்டுரை எழுதும்போது மூளை திணறினால் பச்சை, மனப்பாடத்தைக் கொட்டினால் சிவப்பு. தாமே கட்டுரை எழுதும் பொறிகள் தந்ததையெல்லாம் பிள்ளைகள் உருப்போட்ட காலத்துக்குப் பிறகு வந்த சட்டம். கட்டுரை எழுத யாரும் சொல்லித் தரக்கூடாது. அவரவர் வழியை அவரவரே கண்டுபிடிக்க வேண்டும். மூன்று சிவப்பு விழுந்தால் நகல் வகுப்பு. அங்கே போனவர்கள் அதன்பின் சொந்தமாக ஒரு வரி எழுதக்கூடாது; பார்த்து நகலெடுக்க மட்டுமே வேண்டும்.

"நானே எழுதுனது மிஸ்! துறைமுகத்தப் பத்தி பதினாலு தடவ அடிச்சு அடிச்சு எழுதிப் பாத்தேன். நோட்டப் பாருங்க மிஸ்."

"நோட்டப் பாத்தா அதுவும் உதவிதான்," ரோஸ்லின் மிஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பொறவு எதுக்கு செவப்பு எரியுது?"

"பயத்துல மறந்துருமோன்னு... மனப்பாடம் பண்ணிட்டேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "தான் எழுதுனதையே உருப்போட்டாளாம்ல!"

யார் எழுதியதை மனப்பாடம் செய்தது என்று சிந்தைமானி கேட்பதில்லை.

பக்கத்தில் ஜெனட்டின் நெற்றி பச்சையாக மின்னியது. "பாத்துட்டு தாரேன்ட்டி" என்று முந்தின நாள் முத்தரசியின் நோட்டை வாங்கிப் போனவள். அதைப் படித்ததில் பாதிதான் அவள் மனதில் நின்றது. மீதியை நினைவுக்கு இழுக்க அவள் பட்ட பாட்டைப் பட்டை சிந்தனை என்று எடுத்துக்கொண்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

"ஏட்டி, நீயாச்சும் சொல்லேன்." முத்தரசி அவள் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு என்னட்டி தெரியும்?" ஜெனட் பேனாவை மூடினாள்.

திங்கட்கிழமை நகல் வகுப்பின் சுவர்த்திரையில் ஒரு கட்டுரை ஒளிர்ந்தது. 'தானே கற்றலுக்கு முன்மாதிரி: ஜெனட்.' பார்த்து நூறு தடவை எழுத வேண்டும்.

முத்தரசி எழுதிய துறைமுகம்தான். ஆனால் கப்பல் ஊதியதும் அப்பா சோற்றுக் கையோடு எழுந்து ஓடும் வரி இல்லை. அந்த இடத்தில், 'கப்பல் மிகப் பெரியது' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

எழுதினாள். இருபது. நாற்பது. அறுபத்தோராம் தடவை அந்த இடம் வந்ததும் கை நின்றது. அங்கே அவள் என்ன எழுதியிருந்தாள்? கப்பல் ஊதும், அப்பா... அப்பா என்ன செய்வார்?

நெற்றி பச்சையாக எரிந்தது.

"எவ அங்க யோசிக்கது?" கண்காணிப்பாளர் அவளுடைய தாள்களை மொத்தமாகக் கிழித்தார். "மொதல்லருந்து எழுது."