புண்ணியவான் சாவு

வலது இமைமேல் வந்து உட்கார்ந்த ஈயைக் குப்பண்ணனால் ஓட்ட முடியவில்லை.

விடியற்காலையில் கடலைக்காட்டுச் சாளைக் குடிசையில் படுத்திருந்தபோது, பாய்க்கடியில் கட்டுவிரியன் நழுவிப்போனதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். வலி இல்லை, எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. பெருமாட்டி கிராமத்து வீட்டுக்கு நடந்து வந்து சேர்வதற்குள் நாக்கு தடித்துவிட்டது. வாசலில் விழுந்தபோது பாம்பு கடித்ததைச் சொல்ல நாக்கு புரளவில்லை. இப்போது உச்சிவேளை. பாதி மூடிய இமைகளுக்கடியில் ஒரு கோடு வெளிச்சம். ஊதுபத்திப் புகையும், மிதிபட்ட சாமந்தியின் பச்சை வாடையும், தொழுவத்தில் கறக்காமல் விட்ட எருமையின் கத்தலும், பெண்களின் ஒப்பாரியும் அவருக்குள் வந்துகொண்டே இருந்தன. அவரிடமிருந்துதான் எதுவும் வெளியே போகவில்லை. மூச்சுகூட நூலிழைதான்.

பக்கத்துச் சித்தூரிலிருந்து வந்த டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "நெஞ்சடைப்பு. எப்பவோ முடிஞ்சிருச்சு."

"பாயில கெடந்து நாறாம பொசுக்குனு போறதுக்குப் புண்ணியம் பண்ணியிருக்கோணுமுங்க" என்றான் தம்பி ஆறுமுகசாமி. "பொழுது சாயறதுக்குள்ள எடுத்துரலாம்."

கட்டை அடுக்க ஆள் போயிற்று.

மருதாத்தாள் இருக்கிறாளே என்று நினைத்தார். இருபது வருடமாக அவர் இருமினாலே எழுந்து உட்காரும் மனைவி. அது பாசம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அவள் வந்து கையைப் பிடித்தபோது உயிர் முழுவதையும் சுண்டுவிரலுக்குத் திரட்டினார்.

அசைந்தது. இன்னொரு முறையும் அசைந்தது.

அவள் அழுகை நின்றது. குனிந்து இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணோடு கண். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க" என்றாள் காதுக்குள். "இருபது வருசம். ஒடம்புல நீங்க அடிக்காத எடமில்ல. நானா கொல்லலீங்க, சாமி கூப்புட்டிருக்குது. போயிருங்க."

அவருடைய இரண்டு கைக் கட்டைவிரல்களையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டினாள். இறுக்கினாள். பிறகு எல்லோரையும்விட உரக்க அழுதாள்.

தாடையை விலக்கினார்கள். வாய்க்கரிசி. முதல் பிடி அவளுடையது. ஈர அரிசி நாக்கில் குவிந்தது. தொண்டைக்கு உருண்டது. விழுங்க முடியவில்லை. துப்ப முடியவில்லை. தம்பியின் கை. அடுத்த கை. இன்னொரு கை.

"எல்லாரும் போடுங்க" என்றாள் மருதாத்தாள். "நெறையப் போடுங்க."