கைவழி

முதல் சி-மணி அடித்தது. கஸ்பார் தன் விரற்செப்பின் மேல் கட்டைவிரலை வைத்தான். மூடி திறந்து ஒரு மாத்திரை வந்தது. அதை எடுத்து மேசைமேலிருந்த கண்ணாடிக் குடுவையில் போட்டான். குடுவை கழுத்துவரை நிறைந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு செப்பு இருந்தது. அது அவன் மனைவி ஜெசிந்தாவின் விரலுக்கு மட்டுமே திறக்கும். ஜெசிந்தா காய்ச்சலில் இறந்து எண்பத்தொரு நாள் ஆகிறது.

அந்தக் கடலடிக் குடியிருப்புக்குப் பழம் வருவதில்லை. வைட்டமின் சி முழுவதும் கொழுப்புறை மாத்திரையில்தான். குடல் தாண்டி ரத்தத்தில் சேருவதற்காக அதன்மேல் மெல்லிய கொழுப்பு உறை. முதல் வருடம் மாதச் சரக்கை மொத்தமாகக் கொடுத்தார்கள். நிறையப் போட்டால் நல்லது என்று சனங்கள் நாலு நாளில் விழுங்கித் தீர்த்தார்கள். குடல் ஒரு நேரத்துக்குக் கொஞ்சம்தான் வாங்கும். மிச்சம் சிறுநீரில் போனது. சில மாதங்களில் ஊரே ஈறில் ரத்தம் கசிந்து நின்றது.

அதன் பிறகு வந்ததுதான் கைவழி விதி. ஒரு நாளைக்கு நாலு முறை மணி, ஒவ்வொரு மணிக்கும் ஒரு மாத்திரை, அதுவும் அடுத்தவர் கையால். என் செப்பில் உன் மாத்திரை, உன் செப்பில் என் மாத்திரை.

ஆகவே கஸ்பாரின் மாத்திரை அவள் செப்பில் பூட்டிக் கிடந்தது; அவன் செப்பில் வந்துகொண்டிருந்தது ஜெசிந்தாவின் மாத்திரை. அவன் அதை விழுங்கியிருக்கலாம். அது அவளுடையது.

பம்பு அறையில் உடன் வேலை பார்க்கும் கிளாட்வின் வால்வைத் தொட்டுவிட்டுத் தன் விரலைப் பார்த்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். எந்தக் கதவிலும் தலை இடிக்காமல் நுழைந்ததில்லை.

“என்னலே, வால்வெல்லாம் வெத்தல போட்டுத் துப்புன மாதிரி இருக்கு?”

“விரல் கிழிஞ்சிருக்கு.”

“எதுல?”

கஸ்பார் விரலைச் சட்டையில் துடைத்தான். எதிலும் கிழியவில்லை. ஆறு வருடத்துக்கு முன், கல்யாணமான வாரம், முதன்முதலாக அவன் கையால் மாத்திரை வாங்கியபோது ஜெசிந்தா சிரிப்பை அடக்கப்போய் அவன் ஆள்காட்டி விரலைக் கடித்துவிட்டாள். இரண்டு தையல். அந்தத் தழும்பு இப்போது பிளந்திருந்தது.

கிளாட்வின் அவனைச் சுகாதாரப் பணியாளர் தெரசிட்டாவிடம் இழுத்துப் போனான். அவள் ஈறைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள்.

“ஆறுன காயம் ஆறுனபடியே கெடக்கும்னு நெனைக்கோம், தம்பி. இல்ல. உடம்பு அத உள்ளேர்ந்து தெனமும் தச்சுக்கிட்டே இருக்கு. நீங்க நூலு குடுக்கல.”

“வலிக்கல, அக்கா.”

“இன்னும் கொஞ்ச நாள் போனா வலிக்கதுக்கு ஆளே இருக்காது. மாற்றுப் படிவத்துல விரல் வைங்க. ஒங்க செப்ப வேற ஆளுக்கு மாத்துவோம்.”

“மாத்துனா?”

“காயம் மூடிரும். அவுக மாத்திர வராது.”

கஸ்பார் விரலைப் பார்த்தான். ஜெசிந்தாவின் உடைகளை வார்டில் எரித்துவிட்டார்கள். குரல் பதிவு எதுவும் இல்லை. இந்தப் பிளவில் மட்டும் அவள் பல் பட்ட வளைவு அப்படியே இருந்தது.

“யாருக்கு ஊட்டணும்?”

தெரசிட்டா வாசலைப் பார்த்தாள்.

“நான்தாம்லே,” என்றான் கிளாட்வின். அவன் மனைவி மேல்தரைக்குப் போய் ஒரு வருடம். ஒவ்வொரு மணிக்கும், துணையில்லாதவர்களுக்கு ஊட்டும் சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்று வாயைத் திறக்கிறவன். “சமைக்கத் தெரியாது. இப்பவே சொல்லிட்டேன்.”

கஸ்பார் படிவத்தைப் படித்தான். மறுபடியும் படித்தான். பிறகு கட்டைவிரலை வைத்தான்.

மதிய மணி பம்பு அறையில் அடித்தது. இரண்டு பேர் இடுப்பிலும் புதுப்பித்த செப்புகள். கஸ்பாரின் செப்பு திறந்தது. மாத்திரையை எடுத்து நீட்டினான். அவன் கை தன் நெஞ்சு உயரத்துக்குப் போய் நின்றது. ஜெசிந்தா குள்ளம். ஆறு வருடமும் கை போன இடம் அதுதான். கிளாட்வினின் வாய் அதற்கு வெகு மேலே இருந்தது. கை மேலே ஏறவில்லை.

கிளாட்வின் முழங்காலை மடக்கி, அந்த உயரத்துக்கு இறங்கி, வாயைத் திறந்தான்.

கஸ்பார் மாத்திரையை வைத்தான்.

கிளாட்வின் நிமிர்ந்து தன் செப்பைத் திறந்தான்.

“ஆ காட்டு,” என்றான்.