ஐந்நூறு கிராம்

"அந்தப் பெட்டியத் தொடாதீங்கம்மா."

வசந்தாமணி கையை இழுத்துக்கொண்டாள். மேசையோரத்தில் இருந்த கறுப்புப் பெட்டியின் மேல் சட்னிக் கிண்ணம் சாய்ந்துவிடுமோ என்றுதான் அதை நகர்த்தப் போனாள். வர்ஷினி எழுந்து வந்து பெட்டியை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு தோசையாவது தின்னுட்டுப் போ கண்ணு..."

"வேண்டாமுங்க."

கோவையை அடுத்த கருமத்தம்பட்டியில் பெரும்பாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். ஆனால் வர்ஷினி பத்தொன்பது வருடமாக அம்மாவை 'நீ, வா, போ' என்றே கூப்பிட்டு வளர்ந்தவள். சென்னையிலிருந்து திரும்பிய நாளிலிருந்துதான் இந்த மரியாதை. ஒரு மாதமாகிறது.

செய்தித்தாளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த திருமூர்த்தி மனைவியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவள ஏன் தொந்தரவு பண்ற? பண்ணுன வரைக்கும் பத்தாதா?"

வசந்தாமணி அடுப்படிக்குப் போனாள். கல்லில் கிடந்த தோசை கருகியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தாள். சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்ல முடியாமல்தான் முப்பது நாளாக வெந்துகொண்டிருந்தாள்.

வர்ஷினியை நான்கு வருடத்துக்கு முன் கோவையில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு முதன்முதலாக அழைத்துப்போனவன் அவளுடைய சித்தப்பா கதிர்வேல். திருமூர்த்தியின் தம்பி. மனைவியை இழந்தவன், பிள்ளையும் இல்லை, அண்ணன் வீட்டிலேயே ஓர் அறையில் இருந்தான். அண்ணன் மகள்மேல் உயிரை வைத்திருந்தான். வீட்டுக்குப் பின்னாலிருந்த விசைத்தறிக் கூடத்தை அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று திருமூர்த்தி ஒதுங்கிக்கொண்டதால், மகளோடு பயிற்சிக்கூடத்துக்கும் போட்டிகளுக்கும் போகும் வேலை வசந்தாமணியுடையதாயிற்று. எட்டாம் வகுப்போடு நின்றவள், காற்றழுத்தத்தால் சுடும் அந்தக் கைத்துப்பாக்கியின் ஒவ்வொரு பாகத்தையும் கற்றுக்கொண்டாள். காற்று உருளையை நிரப்பினாள். குழலைத் துடைத்தாள். மகளின் உள்ளங்கையை உறுத்தாதபடி மரப்பிடியை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தாள். எல்லாவற்றையும்விட முக்கியமானது எடைச் சோதனை. குண்டு போடாமல் துப்பாக்கியைச் சுடும் நிலைக்குக் கொண்டுவந்து, அரைக்கிலோ எடையை ட்ரிக்கரில் மாட்டித் தூக்க வேண்டும். எடை தரையை விட்டு எழும்பியும் ட்ரிக்கர் தாங்கி நின்றால் சரி. விழுந்துவிட்டால் ட்ரிக்கர் அளவுக்கு மேல் இளகியிருக்கிறது என்று பொருள். ஐந்நூறு கிராமுக்குக் குறைந்த ட்ரிக்கரோடு யாரும் சுடக்கூடாது.

சென்னையில் நடந்த மாநிலப் போட்டியில் வர்ஷினி அறுபது குண்டுகளில் அறுநூறுக்கு ஐந்நூற்று எழுபத்து நான்கு எடுத்தாள். அதுவரை அவள் எடுத்ததிலேயே அதிகம். மூன்றாவது இடம், இறுதிச் சுற்றுக்குப் போகும் எட்டுப் பேரில் ஒருத்தி. சுட்டு முடித்தவர்களில் சிலரைச் சீட்டுக் குலுக்கி எடுத்துத் துப்பாக்கியைச் சோதிப்பார்கள். வர்ஷினியின் எண் வந்தது. நடுவர் எடையை மாட்டித் தூக்கினார். ட்ரிக்கர் விழுந்தது. மறுபடி தூக்கினார், விழுந்தது. விதிப்படி இன்னும் ஒரே ஒரு முறைதான். அதுவும் விழுந்தது.

மதிப்பெண் பலகையில் ஐந்நூற்று எழுபத்து நான்கை அழித்துவிட்டு அந்த இடத்தில் தகுதி நீக்கம் என்று போட்டார்கள்.

"எடை பாத்தியாம்மான்னு கேட்டனே... பாத்துட்டேன்னு சொன்னயே!" என்று வர்ஷினி அந்தக் கூட்டத்தின் நடுவில் அலறினாள். "தொடைக்கறேன் தொடைக்கறேன்னு ஸ்க்ரூவத் திருப்பிப்போட்டயா?"

வசந்தாமணி எடை பார்த்தது உண்மை. கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் பார்த்தாள், ட்ரிக்கர் தாங்கியது. ஆனால் அன்று சாயங்காலம், பயணத்துக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தபோது, வீட்டுக் கூடத்தில் கதிர்வேல் துப்பாக்கி இருந்த அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் அவள் பார்த்தாள். பக்கத்தில் தறி மராமத்துச் சாமான் டப்பா. "சும்மா பாக்கறனுங்க அண்ணி" என்றான். அவளும் மறந்துவிட்டாள். மூன்றாவது முறை ட்ரிக்கர் விழுந்த கணத்தில்தான் அது நினைவுக்கு வந்தது.

சொல்லியிருக்கலாம். ஆனால் முன்பொரு தடவை அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து எட்டு மாதம் பேச்சு நின்றதையும், கதிர்வேல் கடையில் வாங்கித் தின்று இளைத்துப்போனதையும் கண்ணால் பார்த்தவள் அவள். இருவருக்கும் நடுவில் நடந்து நடந்து சேர்த்துவைத்தவளும் அவளே. இதைச் சொன்னால் திருமூர்த்தி தம்பியை வாசற்படி ஏறவிடமாட்டான். அதோடு, கதிர்வேலே வந்து சொல்லிவிடுவான் என்றும் நம்பினாள். அவன் சொல்லவில்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து போனான்.

பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போன வர்ஷினி அங்கிருந்தே சொன்னாள். "அப்பா, இன்னைக்கு கோச் மேடத்துகிட்டச் சொல்லப்போறனுங்க. இனி சுடறதில்லைன்னு. கையத் தூக்குனாலே ட்ரிக்கர் மேலதான் நெனப்பு போகுது. ஐந்நூத்தி அம்பதுகூட வரமாட்டீங்குது."

"விட்டுத்தொலை" என்றான் திருமூர்த்தி.

வசந்தாமணி கையைத் துடைத்துக்கொண்டு நேரே தறிக்கூடத்துக்குப் போனாள். தறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நின்று பேசினால்தான் காது கேட்கும். கதிர்வேல் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தான்.

"தம்பி, பாப்பா சுடறத விட்டுப்போடறேங்கறா."

அவன் கை நின்றது.

"ஒரு மாசம் பொறுத்துட்டனுங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"ட்ரிக்கர் கெட்டியா இருக்குதுன்னு பாப்பா ஒரு நாள் சொல்லுச்சுங்க அண்ணி..." அவன் குரல் இரைச்சலில் அமுங்கியது. "டப்பாவுல இருந்த ஆலன் கீயப் போட்டு ஸ்க்ரூவ அரைச் சுத்துத்தான் திருப்புனேன். லேசா இருந்தா நல்லாச் சுடும்னு நெனச்சேன். அப்படியொரு கணக்கு இருக்கறது எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாமப் பண்ணுனது தப்பில்லீங்க. தெரிஞ்சதுக்குப் பொறகு என்ற மூஞ்சியப் பாத்துட்டே சோறு தின்னீங்களே, அதத்தான் தாங்க முடியல. நாளைக்குக் காத்தால அவகிட்டச் சொல்லிருங்க. இல்லீன்னா நான் சொல்லிப்போடுவேன்."

அவன் தலையாட்டினான். ஆட்டினானா, குனிந்தானா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை கதிர்வேலின் அறை வெறுமையாக இருந்தது. "ஈரோட்டுக்குத் துணி மூட்டை கொண்டு போயிருக்கறான், அஞ்சரை மணி பஸ்ஸுக்கே போயிட்டான்" என்றான் திருமூர்த்தி. அது வியாழக்கிழமை. ஈரோட்டுக்குப் போகிற நாளே இல்லை.

வசந்தாமணிக்குக் கோபம் வந்தது. தன் மேலேயே வந்த கோபம். கணவனும் மகளும் இருக்கும்போதே நடு வீட்டில் நின்று சொன்னாள். சாயங்காலம் முறுக்குச் சுட்டது, பெட்டி திறந்திருந்தது, நேற்றுத் தறிக்கூடத்தில் பேசியது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

திருமூர்த்தி செய்தித்தாளை மடித்தான். "அவன் ஊட்ல இல்லாத நேரமாப் பாத்துச் சொல்றியே, வெக்கமா இல்லையா? ஒரு மாசமா வாயத் தொறக்காதவளுக்கு இன்னைக்கு எங்கிருந்து ஞாபகம் வந்துது?"

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல..."

"போதும். உன்ற தப்ப மறைக்கறக்கு என்ற தம்பி தலைய உருட்டாதே."

வசந்தாமணி மகளைப் பார்த்தாள். அவள் ஒருத்தி நம்பினால் போதும்.

"சித்தப்பாவ இதுல இழுக்காதீங்கம்மா" என்றாள் வர்ஷினி. "அவருதான் என்னய மொதல்ல ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போனாரு."

வசந்தாமணி உள்ளே போய்ச் சேலை மாற்றினாள். மகள் நேற்றுக் கோவையிலிருந்து திரும்பியதும் கோபத்தில் மூலையில் வைத்த கறுப்புப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். இந்த முறை யாரும் தொடாதே என்று சொல்லவில்லை. படியிறங்கி, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

கோவைப் பயிற்சிக்கூடத்தில் சஃபியா அவளைக் கண்டதும் எழுந்து நின்றாள். வர்ஷினியின் பயிற்சியாளர், முப்பது வயதிருக்கும். "அம்மா, நீங்க மட்டுமா வந்தீங்க?"

"மேடம், அவ இனி வரமாட்டேன்னு சொன்னாளுங்களா?"

"நேத்து சொன்னா. நான் ஒத்துக்கலை."

"அவ துப்பாக்கி உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க. ஊட்ல இருந்தா யாருக்காவது குடுத்துப்போடுவாங்க. ஆறு மாசம் கழிச்சாவது கேட்டு வருவா. அப்பக் குடுங்க. இனி எடை பாக்கறதையும் அவளே பாத்துக்கட்டும். நான் போட்டியன்னைக்குக் காத்தால இன்னொரு தாட்டி பாத்திருக்கோணும். பாக்கல. அது என்ற தப்புத்தான். மீதி என்றதில்ல." சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. அவள் அழுது யாரும் அங்கே பார்த்ததில்லை. சஃபியா அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

பதினோரு மணியிருக்கும். கதவருகே சத்தம் கேட்டது. வர்ஷினி ஓடிவந்தாள், கலைந்த தலையோடு. பின்னால் திருமூர்த்தி. நான்கு வருடத்தில் அவன் அங்கே காலெடுத்து வைப்பது அதுதான் முதல் தடவை.

வர்ஷினி அம்மாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள். "சித்தப்பா செங்கப்பள்ளிலயே எறங்கித் திரும்பி வந்துட்டாரும்மா. மூட்டைய அப்படியே பஸ்ஸுலயே உட்டுட்டு வந்து... எல்லாஞ் சொல்லிட்டாரு. அப்பா கால்ல உழுந்து அழுதாரு."

வசந்தாமணி மகளின் தலையைத் தொடவில்லை.

"நீ என்னயத் திட்டுனது எனக்குப் பெருசில்ல கண்ணு. தோத்துட்டு நிக்கற புள்ள என்ன வேணாப் பேசும். இந்த ஒரு மாசத்துல ஒரு நாளாவது, என்னம்மா ஆச்சுன்னு கேட்டயா? இன்னைக்குச் சொன்னப்பவும் நம்பலயே... நாலு வருசமா உன்ற கைய அளவெடுத்து அளவெடுத்து அந்தக் கட்டையத் தேச்சவ நான். உனக்குக் கெடுதி பண்ணுவனா?"

வர்ஷினி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். "தப்பும்மா... தப்புப் பண்ணிப்போட்டேன்மா..." வசந்தாமணியின் கை தானாக மகளின் முதுகுக்குப் போனது. சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

திருமூர்த்தி தொண்டையைச் செருமினான். "வசந்தா... நான் பேசுனது..." மேலே வரவில்லை. "வா, ஊட்டுக்குப் போலாம்."

"பாப்பா சுட்டு முடிக்கட்டுமுங்க. ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். உக்காருங்க."

வர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெட்டியைத் திறந்து, சென்னைக்குப் பிறகு சஃபியா இறுக்கித் தந்திருந்த ட்ரிக்கரில் எடையைத் தானே மாட்டித் தூக்கினாள். தாங்கியது. பத்து மீட்டருக்கு அப்பால் குறி. இடது கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, வலது கையை மெல்ல உயர்த்தினாள். பக்கத்துத் திரையில் எட்டு என்று விழுந்தது. அடுத்தது ஒன்பது. பிறகு பத்து.

"அந்தப் பத்து எத்தச்சோடு இருக்கும்?" திருமூர்த்தி மெதுவாகக் கேட்டான்.

"சட்டைப் பொத்தான் அளவுங்க. அதுக்குள்ள இன்னும் சின்னதா ஒரு வட்டம் இருக்குது. ரெண்டு பேரு ஒரே எண்ணிக்கையில நின்னா, அந்தச் சின்ன வட்டத்துல யாரு நெறையப் போட்டாங்கன்னு பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க."

அவன் மனைவியை வியந்து பார்த்தான். இவளுக்கு இதெல்லாம் தெரியும் என்பதே அவனுக்குத் தெரியாது.

"தம்பி எங்கீங்க?" என்றாள் அவள்.

அவன் முகம் இறுகியது. "கூடவே வந்தான். வெளியிலேயே நிக்கட்டும். இனி அவனுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல."

"அப்படிச் சொல்லாதீங்க." அவள் குரல் உயரவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சோறு திங்கோணும்னுதான் நான் ஒரு மாசம் வாயக் கட்டிட்டு இருந்தேன். எம்புள்ளகிட்டக் கெட்ட பேரு வாங்கிட்டு இருந்தேன். அத இன்னைக்கு ஒரே நிமிசத்துல வீணாக்கிப்போடறீங்களா?"

அவள் எழுந்து வெளியே போனாள்.

கதிர்வேல் மதிலோரம் வெயிலில் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் கை கூப்பப் போனான்.

"கையக் கீழ போடுங்க" என்றாள். "எனக்கு உங்க மேல கோவம் இருக்குதுங்க தம்பி. அது அவ்வளவு சுருக்கா ஆறாது. ஆனா உள்ள வாங்க. நீங்க வெளிய நிக்கறது தெரிஞ்சா பாப்பா கை ஆடும்."

அவன் தயங்கித் தயங்கி அவள் பின்னால் நடந்தான். உள்ளே அண்ணன் இருந்த வரிசையில், ஒரு நாற்காலி தள்ளி ஓரமாக உட்கார்ந்தான். திருமூர்த்தி திரும்பிப் பார்க்கவில்லை, எழுந்தும் போகவில்லை. நடுவில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

வசந்தாமணி அதில் போய் உட்கார்ந்தாள். எதிரே வர்ஷினி அடுத்த குண்டுக்குக் கையை உயர்த்தினாள்.