ஒகுரோவுக்கு இமை வைத்தவன்

அந்த வளைவில் திரும்பியதும் கயல் முதலில் பார்த்தது இரண்டு கண்களைத்தான்.

சிவப்பாக... கங்கு மாதிரி... சாரலுக்கு நடுவிலிருந்து அவளையே முறைத்துக்கொண்டு! திராட்சைப் பந்தலுக்கு மேலே பெரிய தலை, விரிந்த கைகள், பின்னால் ஒரு நீள வால்...

"ஆத்தாடீ!"

பிரேக்கைப் பிடித்தாளா, ஆக்சிலேட்டரை முறுக்கினாளா, அவளுக்கே தெரியாது. ஸ்கூட்டி கற்றுக்கொண்டு இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த நொடி வண்டி வாய்க்கால் ஓரம் கிடந்தது. அவள் சேற்றில் கிடந்தாள்.

"ஐயையோ... அடி பட்டுருச்சா?"

பந்தலுக்கு அடியிலிருந்து ஒருவன் ஓடி வந்தான். சாரலுக்கு உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தான். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது இருக்கும். கயல் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவின் காய்ந்த நுனியைத் தேடித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். மூங்கில், வைக்கோல், சாக்கு. கிளி விரட்டுவதற்காக வைத்த பொம்மை.

பயம் போய்விட்டது. அந்த இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டது.

"இது... ஒகுரோவா?"

அவன் அப்படியே நின்றான். "உங்களுக்கு ஒகுரோவத் தெரியுமா?"

"தெரியுமாவா? தலை கருப்பு-வெள்ளைக் காலத்துது. தொந்தி கலர் காலத்துது. வாலு கம்ப்யூட்டர் காலத்துது. மூணையும் ஒண்ணா ஒட்டி வச்சிருக்கீக! அந்தக் கண்ணு எந்தக் காலம்?"

"அது... பழைய பைக்கோட பின்பக்கத்து ரிப்ளெக்டரு."

கயலுக்குச் சிரிப்பு வந்தது. சேற்றில் உட்கார்ந்துகொண்டு சிரிப்பது நன்றாக இருக்காது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் கையை நீட்டினான். அதைப் பிடிக்காமல் தானே எழுந்தாள். ஆனால் அந்தக் கை நீண்டதை... அதில் காய்ந்திருந்த பெயின்ட்டை... பார்த்துவிட்டாள்.

ஒகுரோ என்பது ஜப்பான் கடலுக்கு அடியிலிருந்து எழுந்து வரும் ராட்சதப் பல்லி. எழுபது வருடமாகப் படம் படமாக வந்துகொண்டே இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் தமிழ் பேசும் ஒகுரோவைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் பத்தொன்பது வயதில் இன்னமும் அதைத் தேடிப் பார்க்கிற பெண் சுருளிப்பட்டியிலேயே கயல் ஒருத்திதான். "வயசுப் பிள்ள பாக்குற படமாடி இது?" என்று அம்மா கேட்ட நாளிலிருந்து போர்வைக்குள், காதில் இயர்போனோடு. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சிரித்துவிடுவார்களோ என்று பயம். அவளுக்கு எதைச் சொல்லவுமே பயம்தான்.

இன்றைக்கு மட்டும், முழங்காலில் சிராய்ப்போடு, முன்பின் தெரியாத ஒருவனிடம்... எப்படி வாய் வந்தது?

அவன் பெயர் விஜயபாண்டி. காமயகவுண்டன்பட்டி. தோட்டம் அவன் அப்பா வீரணனுடையது. இதெல்லாம் மறுநாள் தெரிந்தது. மறுநாளும் அவள் அந்த வழியாகத்தானே போக வேண்டும்... காலை ஏழு மணிக்கு டைப்ரைட்டிங் வகுப்பு. அவனுக்கும் சரியாக ஆறே முக்காலுக்கு ரோட்டோரக் கொடியில்தான் வேலை இருந்தது. தினமும் அதே கொடியில் என்ன வேலையோ!

"எட்டே நிமிஷம்!" என்பாள் கயல், வண்டியை விட்டு இறங்காமலே. "மொதப் படத்துல ஒகுரோவ மொத்தமா எட்டு நிமிஷந்தான் காட்டுவாக. மிச்ச நேரமெல்லாம் அது வருமோ வருமோன்னு நமக்குப் படபடப்பு. அதாங்க படம்!"

"படபடப்பா? எனக்குக் கொட்டாவிதான் வந்துச்சு. கோட்டு போட்ட ஆளுக மேசையச் சுத்தி ஒக்காந்து பேசிக்கிட்டே இருக்காக. அது நடக்கும்போது முதுகுல ஜிப்பு தெரியுது."

"ஜிப்பு தெரிஞ்சா என்ன? கண்ணப் பாத்தீகளா? வீட்ட இழந்த கண்ணு அது. கடலக் கெடுத்தது மனுசன். அடி வாங்குறது அது. கடைசியில கடலுக்குப் போகையில ஒருக்காத் திரும்பிப் பாக்கும்..."

சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிடும். பாண்டி அவள் கண்களைப் பார்ப்பான். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கருப்பு மீன்கள்... சாரல் துளி கண்ணாடியில் விழ, மீன் நீந்துகிற மாதிரியே இருக்கும். பேச வந்ததை மறந்துபோவான்.

மூன்றாம் நாளே அவன் 'நீ'க்கு வந்துவிட்டான்.

"கலர் காலத்த மட்டும் கொறச்சுப் பேசாத பிள்ள. அட்டைப்பெட்டி ஊருதான், ஒரே பாலத்த ஒம்பது படத்துல ஒடைச்சாகதான், ஒத்துக்கிறேன். ஆனா ஒகுரோ அதுலதான் எமை கொட்டுச்சு. நம்மளப் பாத்துச்சு."

"டான்சும் ஆடுச்சு."

"ஆடட்டுமே! கரையில புள்ளைக வெரல வாயில வச்சு விசிலடிச்சா, கடலுக்குள்ள இருந்து ஓடி வரும்ல..."

"அய்ய! அத மட்டும் சொல்லாதீக. விசிலுக்கு வர்றதுக்கு அது என்ன நாய்க்குட்டியா? எழுவது வருசத்துலயே அதுதான் கேவலமான சீனு."

கம்ப்யூட்டர் காலத்தைத் திட்டுவதில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. ஒவ்வொரு செதிலும் தெரியும், ஆனால் எல்லாம் ராத்திரி, எல்லாம் மழை, யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாது. "ஆனா அந்த நடை..." என்றான் பாண்டி. "வால இழுத்துக்கிட்டுப் போகையில பூமியே அசையுற மாதிரி ஒரு கனம் இருக்கும் பாரு. ரப்பர்ச் சட்டைக்குள்ள மனுசன் நின்னா அது வராது." கயல் தலையாட்டினாள். நல்லதை நல்லது என்று சொல்கிறவனை அவளுக்குப் பிடித்திருந்தது.

பிடித்திருந்தது என்று மனசுக்குள் சொன்னதும் பயமாகவும் இருந்தது.

"இன்னமும் அந்த வளைவு வந்தாக் கை நடுங்குதுங்க," என்றாள் ஒருநாள், சிரித்துக்கொண்டே. "பொம்மைன்னு தெரியும். ஆனாலும் அந்தச் செவப்புக் கண்ணு..."

பாண்டி அண்ணாந்து அந்தக் கண்களைப் பார்த்தான்.

அடுத்த திங்கட்கிழமை, வளைவில் அவள் பார்த்தது வேறு கண்கள். சிவப்பைக் காணோம். கொட்டாங்குச்சியை வழவழவென்று தேய்த்துச் செய்த பெரிய கருப்புக் கண்கள்... மேலே சைக்கிள் டியூபில் வெட்டிய இமைகள். காற்றடித்தால் மூடித் திறந்தன. ஒகுரோவின் தலையில் ஒன்று, இரண்டு, நான்கு கிளிகள்! ஒன்று அதன் மூக்கிலேயே உட்கார்ந்து திராட்சை தின்றது.

கயலால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பந்தலுக்கு அடியில் நின்ற பாண்டியைப் பார்த்துக் கத்தினாள்: "என்னங்க இது! கலர் காலத்துக் கோமாளியாக்கிட்டீக! இன்னும் டான்சு ஒண்ணுதான் பாக்கி!"

அவன் முகம் சுருங்கிப்போனது. கையில் ஒரு கூடை. அதில் கொத்துப்பட்ட குலைகள்.

"நீ பாத்துச் சிரிக்கணும்னு நான் வைக்கல. கிளாசுக்கு நேரமாச்சுல்ல? போ."

'போ'வா? அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு விளையாட்டுக்குச் சொன்னால்... போகத்தான் போகிறேன்! அதன்பிறகு நான்கு நாள் அவள் தலையைத் திருப்பாமல் அந்த வளைவைக் கடந்தாள். ரோட்டோரக் கொடியில் அவனுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

ஐந்தாம் நாள் அங்கே ஒரு அம்மா உட்கார்ந்து, கொத்துப்பட்ட குலைகளைக் கூடையில் வீசிக்கொண்டிருந்தார். பாண்டியின் சாயல் முகத்திலேயே எழுதியிருந்தது. அவன் அம்மா பவுனு.

"ஏ ஆத்தா, மெதுவாப் போ. இந்த வளைவுல ஒரு பிள்ள விழுந்துருச்சாம்."

கயல் வண்டியை நிறுத்தினாள். "யாருங்கம்மா?"

"யாரு கண்டா! அதனாலதான் இம்புட்டுக் கூத்தும். எம்மவனுக்குக் கொச்சியில சினிமாவுக்குப் பொம்மை, மொகமூடியெல்லாம் செய்யுற பட்டறையில சேந்து படிக்கணும்னு ஆச. அவுக அப்பா சொன்னாக, 'ஒன் பொம்மைய வச்சே இந்தக் காய்ப்பக் கிளி கொத்தாமக் காப்பாத்திக் காட்டு, நானே அனுப்புறேன்'னு. ஒரு கிளி அண்டல ஆத்தா, அந்தச் செவப்புக் கண்ணுக்கு. நல்லா இருந்தத இந்தப் பய பிடுங்கிட்டான்! ஏன்டான்னா, அந்தப் பிள்ள பயப்படுதாம். இப்பயாச்சும் திருப்பி மாட்டுடான்னா, 'மறுபடி விழுந்தா யாரும்மா பொறுப்பு'ங்கான். அறுப்புக்கு இன்னம் பன்னெண்டு நாளுதான் கெடக்கு."

அந்தப் பிள்ளை நான்தான் என்று சொல்லாமலே கயல் வண்டியைக் கிளப்பினாள்.

வகுப்பில் விரல்கள் தானாக எழுத்துகளைத் தட்டின. மனசு தட்டியது வேறு. எனக்காகவா? நான் கோமாளி என்றேனே... நான்கு கிளியைப் பார்த்துச் சிரித்தேனே... சிவப்புக் கண்ணை மறுபடி மாட்டச் சொல்லலாம். அவன் மாட்ட மாட்டான். வேறு என்ன செய்ய? மொதப் படத்துல அதுக்குச் செவப்புக் கண்ணா இருந்துச்சு? இல்லையே. பின்னே ஏன் ஊரே நடுங்கியது?

எங்கே வரும் என்று தெரியாது. அதனால்தான்!

டைப் அடித்த தாளில் பாதி வரி தப்பு. அவள் கவனிக்கவில்லை. ஒரே இடத்தில் நின்றால் கிளிக்குப் பழகிவிடும். நேற்று வடக்கு மூலை, இன்று கிணற்றடி, நாளை ரோட்டோரம் என்று இடம் மாறினால்...

ஆனால் அடுத்த நினைப்பு அவளைப் பிடித்து நிறுத்தியது. தோட்டம் பிழைத்தால் அவன் கொச்சிக்குப் போய்விடுவான். பிழைக்காவிட்டால்... இங்கேயே இருப்பான். தினமும். இதே வளைவில். அந்த இரண்டாவது நினைப்பு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதில் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே ஸ்கூட்டி வளைவுக்கு வந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்து, கல்தூணிலிருந்து ஒகுரோவைச் சாய்த்து, பந்தலுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனாள். ஒன்பதடி உயரம். உள்ளே வைக்கோல்தான் என்றாலும் சாரலில் நனைந்து கனத்தது. வால் பின்னால் தரையை உரசியது. 'பூமியே அசையுற நடை' என்று அவன் சொன்னது ஞாபகம் வந்து, மூச்சு வாங்கலோடு சிரித்துக்கொண்டாள். கிணற்றடித் தூணில் கட்டிவிட்டு ஓடிவந்துவிட்டாள்.

ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். கிளிகள் வந்தன, சுற்றின, குழம்பின, போயின. அப்பாதான் இடம் மாற்றுகிறார் என்று பாண்டி நினைத்தான். மகன் இப்போதுதான் தேறியிருக்கிறான் என்று வீரணன் நினைத்தார். பவுனு மட்டும், பொம்மை தானாக நடக்கிறதோ என்று பயந்து, அதைத் தாண்டும்போதெல்லாம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடந்தார்.

பத்தாம் நாள் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர். கயல் ஒகுரோவை இடுப்பில் கட்டிப்பிடித்து இழுத்தாள்... கால் வழுக்கியது... பொம்மை அவள் மேலேயே சரிந்தது. யாரோ அதைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தார்கள்.

ஒகுரோவின் தோளுக்கு மேலே பாண்டியின் முகம்.

"நீயா?"

கயலுக்கு ஓடத் தோன்றியது. ஓட முடியாது. ஒகுரோவின் ஒரு கை அவளைச் சுற்றிக் கிடந்தது.

"எத்தன நாளா?"

"...பத்து."

"எதுக்குப் பிள்ள?"

"மொதக் காலத்து வழிதான். எங்கன வரும்னு தெரியக் கூடாதுல்ல..." நிமிர்ந்து அந்த இமைகளைப் பார்த்தாள். "கோமாளின்னு சொன்னேன்ல. அந்தக் கண்ணுதாங்க எல்லாத்துலயும் அழகு. எனக்காக மாத்துனீகன்னு தெரியாது. அம்மா சொன்னாக."

"கொச்சி விசயமும் சொன்னாகளா?"

தலையாட்டினாள்.

"தோட்டம் தப்பிச்சா நான் போயிருவேன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

சாரல் பந்தல் இலைகளில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது. மேற்கே மலை தெரியவில்லை, வெறும் வெள்ளைதான். அந்த வெள்ளைக்கு அந்தப் பக்கம் கொச்சி.

"இன்னமும் பயமா இருக்கா?" என்றான் பாண்டி.

"இருக்கு."

"இந்தக் கண்ணுக்குமா?"

"இதுக்கில்ல." கயல் ஒகுரோவின் ஈரச் சாக்கையே பார்த்தாள். "மனசுல இருக்குறதச் சொன்னா நீ போகாம நின்னுருவியோன்னு பயம். சொல்லலன்னா ஒனக்குத் தெரியாமலே போயிருவியேன்னும் பயம்."

சொல்லிவிட்டாள்! 'நீ' என்று வேறு சொல்லிவிட்டாள்... மழையில் முகம் சுட்டது.

"நின்னா?" என்றான் பாண்டி, மெதுவாக.

"நிக்கக் கூடாது. போ. எமை வைக்கத் தெரிஞ்ச ஆளு இங்கன கிளி வெரட்டிக்கிட்டு இருக்கக் கூடாது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஒகுரோ எட்டே நிமிஷந்தான் வரும். ஆனா படம் முழுக்க நாம அதையேதான நெனச்சுக்கிட்டு இருப்போம்? அந்த மாதிரி... எப்பயாச்சும் வந்தாப் போதும்."

"எனக்குப் போதாது," என்றான் பாண்டி. "மொதப் படத்துல வர்ற மாதிரி ஒருக்காத் திரும்பிப் பாத்துட்டுக் கடலுக்குள்ள போறவன் இல்ல நான். நான் கலர் காலத்து ஆளு. நீ கூப்புட்டா வருவேன். கூப்புட்டுப் பாரு."

"எப்புடி?"

"எப்புடின்னு ஒனக்குத் தெரியாதா? எழுவது வருசத்துலயே கேவலமான சீனு..."

கயல் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. நனைந்த இரண்டு விரல்களை வாயில் வைத்து ஊதினாள். காற்றுதான் வந்தது. அதுவும் கொஞ்சம் மழைத் தண்ணீரோடு. இன்னொரு முறை ஊதினாள். அதுவும் வெறும் காற்று.

பாண்டி ஒகுரோவைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டே எட்டில் அவள் முன்னால் வந்து நின்றான்.

"வந்துட்டேன்."

கையை நீட்டினான். அன்றைக்கு நீட்டிய அதே கை... அதே காய்ந்த பெயின்ட்.

இந்த முறை அவள் பிடித்துக்கொண்டாள்.