மூக்கில் போடாத தையல்

கப்பல் துளியும் அசையவில்லை. ஆனாலும் கேப்டன் ஜோசையா ட்ரெக்லோனின் நாற்காலிக்குக் கீழே, பலகைக்கு அந்தப் பக்கம், ஏதோ சுரண்டியது.

எலியாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டார். காலையில் காற்று நின்றதிலிருந்து பாழாய்ப்போன மூடுபனி பிஸ்கே விரிகுடாவையே விழுங்கியிருந்தது; பாய்கள் ஈரம் சொட்டத் தொங்கின, தாரும் புளித்த பீரும் கலந்த வாடை அறைக்குள் அடைத்து நின்றது, மேல்தளத்தில் மாலுமிகள் இழவு வீட்டில்போலத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். இழவுதானே. அவர் தம்பி ஜோரியைக் காலையில்தான் கித்தானில் வைத்துத் தைத்து, காலில் பீரங்கிக் குண்டுகளைக் கட்டிக் கடலில் இறக்கியிருந்தார்கள். சின்னப் பயலாக அண்ணன் பின்னாலேயே கப்பலேறி, லெப்டினன்ட் வரை உயர்ந்த பிள்ளை. காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

சுரண்டல் நின்றது. பிறகு தட்டல். மெல்ல.

பாய் தைக்கும் நோக்ஸைக் கூப்பிட்டனுப்பினார்.

"சத்தம் கேக்குதா?"

"கேக்குதுங்கய்யா. கீழ்த்தளத்துல எல்லாருக்கும் கேக்குது."

"என்னது அது?"

நோக்ஸ் தொப்பியைக் கசக்கினார். "காலையிலயே சொன்னேனுங்களே. கடைசித் தையல மூக்கு வழியா வாங்கணும். உசிரு ஒட்டிக்கிட்டிருந்தா துடிச்சிரும், தெரிஞ்சிரும். என் ஊசி எத்தனையோ மூக்கப் பாத்திருக்கு, ஒருத்தனும் குறை சொன்னதில்ல. நீங்கதான் வேணாம்னுட்டீங்க."

"அவன் முகத்துல ஊசி ஏத்த எப்படிய்யா சொல்வேன்? அவன் என் தம்பி."

நோக்ஸ் தலைகுனிந்து வெளியே போனார்.

இறந்துவிட்டான் என்று வைத்தியர் சொன்னார். சொன்னாரே. தான் தொட்டுப் பார்த்தோமா? பார்க்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்கும் தெம்பில்லாமல் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

தட்டல் நகர்ந்தது. சுக்கானைத் தாண்டி. மேலே. ஈரத்துணி பலகையில் இழுபடும் ஓசை.

ஜன்னலுக்கு வெளியே மூச்சு வாங்கியது.

கதவு இரண்டடியில் இருந்தது. ஓடலாம். ஆள் கூப்பிடலாம். ஆனால் வெளியே இருப்பது தம்பி என்றால்?

ஜன்னலைத் திறந்தார்.

பனி. அதற்குள் ஒரு கை. விளிம்பைப் பற்றியிருந்தது. நகங்கள் இல்லை. விரல்களில் பிய்ந்த தையல் நூல்.

"ஜோரி..."

கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. இழுத்தது.

அது இன்னும் சூடாக இருந்தது.